விழுந்தது செவ்வாய், தெரிந்தது திங்கள்: அமெரிக்க நர்சிங் ஹோம்களில் பழைய படிவங்களை எப்படித் திருத்துகிறார்கள்?

ஒரு மூதாட்டி செவ்வாய்க்கிழமை இரவு கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் ஓடி வந்து பார்க்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் கொஞ்சம் வலி. ஆனால் எழுந்து நிற்கிறார், பிடித்துக்கொண்டு நடக்கிறார். சிறு காயம் என்று குறிப்பில் எழுதுகிறார்கள். மறுநாள் புதன்கிழமைதான் அவருடைய மூன்று மாத மதிப்பீட்டுக்குக் கடைசி நாள். ஒரு முறை விழுந்தார், பெரிய காயம் இல்லை என்று படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை அரசுக் கணினிக்கு அனுப்பியும் விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை வலி தாங்க முடியாமல் எக்ஸ்ரே எடுத்தால், இடுப்பு எலும்பில் மெல்லிய முறிவு.

இப்போது வெள்ளிக்கிழமை அனுப்பிய படிவம் சரியா, தவறா? அதை நிரப்பியவர் பொய் எழுதவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை எழுதினார். ஆனாலும் அமெரிக்காவில் இந்தப் படிவத்துக்கென்று இருக்கும் அரசுக் கையேடு, இதில் இரண்டாம் பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. விழுந்ததால் ஏற்பட்ட காயத்தின் அளவு பிறகு வேறாகத் தெரியவந்தால், அனுப்பிய படிவத்தைத் திருத்தியே ஆக வேண்டும். படிவம் கேட்பது அந்த அம்மாளுக்கு என்ன நடந்தது என்பதை; நமக்கு எப்போது தெரிந்தது என்பதை அல்ல. எலும்பு முறிந்தது செவ்வாய்க்கிழமைதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பழைய மதிப்பீடுகளைத் திருத்துவதில் இவ்வளவு நேரான பதில் கிடைப்பது அபூர்வம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடலாம். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கைகள் கொண்ட தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம் நடக்கும், அப்பெண்டிக்ஸ் அறுவை சிகிச்சை நடக்கும். அமெரிக்காவில் அதே பெயருக்குப் பொருள் வேறு. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரங்கள் தேறிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிச் சுமார் 15,000 இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 12 லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

இன்னொரு சொல் கோடிங். இந்தப் படிவத்தை நிரப்புவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மெடிக்கல் கோடிங் என்றதும் சென்னையில் பலருக்கு ஓஎம்ஆர் சாலையில் கணினி முன் உட்கார்ந்து அமெரிக்க டாக்டர்களின் குறிப்புகளுக்கு நோய்க் குறியீடு போடும் வேலைதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது அதுவல்ல. இது இல்லத்துக்குள்ளேயே நர்ஸ் ஒருவர் முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, பார்த்து, மற்றவர்களின் குறிப்புகளைப் புரட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்ணைப் போடும் வேலை. சாப்பிட உதவி வேண்டுமா? எவ்வளவு? இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா? படுக்கைப் புண் இருக்கிறதா? எந்த நிலை? எந்த மருந்து? எத்தனை முறை விழுந்தார்? இதற்குப் பெயர் குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு. அங்கே எல்லோரும் எம்டிஎஸ் என்றே சொல்வார்கள். பெயரில்தான் குறைந்தபட்சம், முழுப் படிவம் பல பத்துப் பக்கங்கள் ஓடும்.

இது வந்த கதை சுருக்கமானது. 1986இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) நர்சிங் ஹோம்களின் தரத்தைப் பற்றி ஒரு கடுமையான அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டே சட்டம் வந்தது: ஒவ்வொருவரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும், அதை வைத்துப் பராமரிப்புத் திட்டம் போட வேண்டும். சேர்ந்த 14 நாளுக்குள் ஒரு முழு மதிப்பீடு, மூன்று மாதத்துக்கு ஒரு சிறு மதிப்பீடு, வருடத்துக்கு ஒரு முழு மதிப்பீடு. 1998இல் கணினி வழியாக அனுப்புவது கட்டாயம் ஆனது. இப்போது இருப்பது மூன்றாம் பதிப்பு. 2010 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, நடுநடுவே மாற்றங்களோடு.

அந்த அம்மாளுக்கு எப்படிப் பராமரிப்பு தருவது என்று தீர்மானிக்கப் பிறந்த படிவம் இது. பிறகு ஒவ்வொருவராக வந்து அதன் மேல் தங்கள் மூட்டையையும் ஏற்றினார்கள். 1998 ஜூலையில், முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நாளொன்றுக்கு எவ்வளவு பணம் தருவது என்பதை இந்த எண்களை வைத்தே கணக்கிட ஆரம்பித்தது. பல மாநிலங்களில், வசதி குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் தரும் பணமும் இப்படியே. 2008 டிசம்பரில் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் முறை வந்தது. அதில் ஒரு பங்கு இந்தப் படிவத்திலிருந்து வருகிறது. சோதனைக்கு வரும் மாநில ஆய்வாளர்களும் முதலில் புரட்டுவது இதைத்தான். ஆக, படிவத்தின் ஒரு கட்டத்தில் 3க்குப் பதில் 2 என்று விழுந்தால் பராமரிப்புத் திட்டம், மெடிகேர் பில், நட்சத்திரம், ஆய்வு என நான்கு இடத்தில் அது எதிரொலிக்கலாம். அதைத் திருத்தினாலும் அதே நான்கு இடத்தில் எதிரொலிக்கும்.

தவறு எப்படி வருகிறது? சோம்பலால் என்று நினைப்பது எளிது. பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நல்ல உதாரணம், அன்றாட வேலைகளை முதியவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பகுதி. பழைய ஜி பிரிவில் 0 என்றால் தானே செய்கிறார், 4 என்றால் முழுக்க மற்றவரைச் சார்ந்திருக்கிறார். எண் கூடக் கூட நிலைமை மோசம். அதற்குப் பதிலாக வந்த ஜிஜி பிரிவில் எல்லாம் தலைகீழ்: 1 என்றால் முழுச் சார்பு, 6 என்றால் தானே செய்கிறார். சில வருடங்கள் இரண்டு பிரிவுகளும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 2023 அக்டோபரில்தான் பழையது போனது. இருபது வருடம் ஒரு பக்கம் ஏறிய ஏணியில் திடீரென்று தலைகீழாக ஏறு என்றால் கை தடுமாறத்தானே செய்யும்? இதற்கு மேல் முதியவர் மறுத்துவிட்டார் என்றால் 07, இது அவருக்குப் பொருந்தாது என்றால் 09, உடல்நிலையால் முயலவில்லை என்றால் 88 என்று தனி எண்கள் வேறு.

இன்னொரு காரணம், போன படிவத்தின் பதில்களை அப்படியே இந்தப் படிவத்துக்கு நகலெடுக்கும் மென்பொருள் வசதி. நேரம் மிச்சம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பு ஆறிப்போன புண் படிவத்தில் மட்டும் ஆறாமல் இருக்கும்.

சரி, தவறு தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? அதை எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். படிவத்தை முடித்த பிறகு கணினியில் ஏற்ற ஏழு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தெரிந்தால் பெரிய சடங்கு எதுவும் இல்லை; சரிசெய்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான். அரசுக் கணினி ஒருமுறை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கதை மாறுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பதிவு இல்லத்தின் சொந்தக் காகிதமாக மட்டும் இருப்பதில்லை. தவறு தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் முறைப்படி திருத்தம் அனுப்பியாக வேண்டும்.

அதிகம் நடப்பது மாற்றப் பதிவு. முழுப் படிவத்தையும் சரியான பதில்களோடு மறுபடி நிரப்பி, முதல் கேள்வியிலேயே இது புதிய பதிவு இல்லை, பழையதற்கான மாற்றம் என்று 2 போட வேண்டும். கூடவே எக்ஸ் பிரிவு என்று ஒரு தனிப் பகுதி. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய பதிவில் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் எப்படி இருந்தனவோ அப்படியே, தப்பாக இருந்தால் தப்பாகவே, எழுத வேண்டும். அப்போதுதான் எந்தப் பதிவைச் சொல்கிறோம் என்று கணினிக்குப் புரியும். பிறந்த வருடத்தை மாற்ற வேண்டுமானால், தப்பான வருடத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிக் காட்ட வேண்டும். அப்புறம் இது எத்தனையாவது திருத்தம் என்று ஓர் எண். ஏன் திருத்துகிறோம் என்று ஒரு காரணம்: பார்த்து எழுதும்போது வந்த பிழையா, தட்டச்சுப் பிழையா, மென்பொருள் பிழையா, கேள்விக்குப் போட்ட குறியீடே பிழையா, வேறெதுவுமா? கடைசியில் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவரின் உறுதிமொழியும் கையெழுத்தும்.

இரண்டாவது வழி, செல்லாததாக்குவது. நடக்காத ஒன்று நடந்ததாகப் போய்விட்டால் இது. ஒருவர் இல்லத்தை விட்டுப் போகவே இல்லை, ஆனால் போனதாக ஒரு பதிவு. ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவருடைய மதிப்பீடு மற்றவர் பெயரில். இதில் மாற்றிச் சரிசெய்ய எதுவும் இல்லை. அந்த நிகழ்வே கிடையாது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வழி அரிதானது: முழு நீக்கம். சோதனைக்கு அனுப்பிய பதிவு உண்மைப் பதிவாகப் போய்விட்டாலோ, வேறொரு இல்லத்தின் எண்ணில் போய்விட்டாலோ, இல்லத்தின் நிர்வாகியே கையெழுத்திட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், முதல் இரண்டு வழிகளிலும் பழைய பதிவு அழிவதில்லை. அது வரலாற்றுக் கோப்புக்கு நகர்கிறது. திருத்தியது முன்னால் நிற்கும். தப்பானது பின்னால் அப்படியே இருக்கும், என்றைக்கு யார் மாற்றினார் என்ற குறிப்போடு. பழைய கணக்கர்கள் பேரேட்டில் தப்பான வரியைச் சுரண்டாமல், குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைப்பார்கள் அல்லவா? அதே பழக்கம்தான். விண்ணப்பித்துச் செய்யும் முழு நீக்கம் மட்டும்தான் தடயமே இல்லாமல் துடைக்கிறது. அதனால்தான் அந்த வழி இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதிவைத் திருத்திவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ்கள் குழம்புவார்கள். பதிவு திருந்திவிட்டது, ஆனால் பராமரிப்புத் திட்டம்? அந்த அம்மாளுக்குப் படுக்கைப் புண்ணே இல்லை என்று தவறாகப் பதிந்து, அதை நம்பி மூன்று வாரமாகப் புண்ணுக்கான திட்டம் எதுவும் போடாமல் இருந்தால், கணினியில் எண்ணை மாற்றுவதால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே கையேடு பிழைகளை இரண்டாகப் பிரிக்கிறது. முதியவரின் மொத்த நிலைமையையே தப்பாகக் காட்டிய பிழை, அதற்குப் பிறகு வந்த வேறு மதிப்பீட்டாலும் அது சரியாகவில்லை என்றால், அது பெரும்பிழை. அப்போது பழைய பதிவையும் திருத்த வேண்டும். இன்றைய தேதியில் அவரைப் புதிதாக மதிப்பிடவும் வேண்டும். திட்டத்தையும் மாற்ற வேண்டும். இதற்கும் 14 நாள்தான். சின்னப் பிழை என்றால் பதிவைத் திருத்துவதே போதும்.

இதோடு இன்னொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படிவம் அன்றைக்குச் சரியாகவே இருந்தது, அதன் பிறகு அவர் நிலைமை மாறிவிட்டது என்றால் அது பிழையே அல்ல; நிலை மாற்றத்துக்கான வேறொரு மதிப்பீடு. நம் மூதாட்டியின் விஷயத்தில் இரண்டுமே வரக்கூடும். செவ்வாய்க்கிழமை முறிந்ததைச் சொல்லாத படிவத்தைத் திருத்த வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்ததால் இனி அவர் நடப்பது, குளிப்பது, உடுப்பது எல்லாம் மாறிவிட்டது. அதற்காகப் புதிதாகவும் மதிப்பிட வேண்டும். பழைய படிவத்துக்குள் போய், புதன்கிழமையே அவரால் நடக்க முடியவில்லை என்று எழுதிவிட முடியாது. புதன்கிழமை அவர் நடந்தார், உடைந்த எலும்போடு.

இதற்கு அடிப்படை, பார்வைக் காலம் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அன்றிரவு 11.59இலிருந்து பின்னோக்கி, பெரும்பாலான கேள்விகளுக்கு ஏழு நாள். அந்தச் சன்னலுக்குள் நடந்தது மட்டுமே படிவத்தில் வரும். திருத்தம் செய்கிறவருக்கும் அதே சன்னல்தான். சன்னலுக்குள் நடந்த ஒன்றை யாரோ குறிப்பில் எழுதியிருக்கிறார்கள், படிவத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள் என்றால் திருத்தலாம். நடந்ததற்குக் குறிப்பே இல்லை, இப்போது நினைவிலிருந்து சொல்கிறேன் என்றால், திருத்தம் தொங்க ஆணியே இல்லை.

நேர்காணல் கேள்விகளில் இது இன்னும் கறாராகத் தெரியும். ஞாபகசக்தியைச் சோதிக்க முதியவரிடம் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். வருடம், மாதம், கிழமை கேட்பார்கள். மொத்தம் 15 மதிப்பெண். அந்தச் சன்னலுக்குள் இதைச் செய்ய மறந்துவிட்டால், ஒரு வாரம் கழித்து ஓடிப்போய்க் கேட்டுப் பழைய படிவத்தில் நிரப்ப முடியாது. கேட்கவில்லை என்பதற்கு ஒரு சிறு கோடு போட்டுவிட்டு விட வேண்டியதுதான். படிவம் முழுக்கக் கோடுகளாக இருந்தால் நன்றாக இருக்காது. அதிகமானால் பணமும் குறையும். இருந்தாலும் நேர்மையான பதில் அந்தக் கோடுதான்.

மதிப்பீட்டின் கடைசி நாளையே மாற்றலாமா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். 12ஆம் தேதி என்று முடிவு செய்து, 12ஐ வைத்தே எல்லாம் பார்த்துவிட்டு, தட்டச்சில் 21 என்று விழுந்துவிட்டால் திருத்தலாம். ஏனென்றால் சன்னல் நகரவில்லை. ஆனால் 12க்குப் பதில் 14 வைத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் சிகிச்சை கணக்கில் வந்திருக்குமே என்று இப்போது தோன்றினால், அது திருத்தம் ஆகாது. அப்படி நாளே தவறு என்றால் பதிவைச் செல்லாததாக்கிவிட்டு, இன்றைய தேதியிலோ அதற்குப் பிறகோ புதிதாக ஆரம்பிக்க வேண்டும். பின்தேதி போட முடியாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. மெடிகேர் நோயாளிக்கான படிவத்தில் உள்ள பதில்களை வைத்து ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று உருவாகும். பில்லில் அதுதான் போகும். 2019 அக்டோபருக்கு முன்பு இந்தக் கணக்கில் ராஜா, சிகிச்சை நிமிடங்கள். உடற்பயிற்சி சிகிச்சை, பேச்சு சிகிச்சை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 720 நிமிடம் என்றால் உச்சப் பிரிவு. அந்தக் காலத்து நிலவரத்தைச் சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2012இல் ஆராய்ந்து சொன்னது: 2009இல் இல்லங்கள் அனுப்பிய பில்களில் நான்கில் ஒரு பங்கு தவறு, கூடுதலாகப் போன பணம் 150 கோடி டாலர், 47 சதவீத பில்களுக்கு ஆதாரமான படிவத்தில் ஏதோ ஒரு தகவல் தவறு. அதன் பிறகு வந்த புதிய முறை நிமிடங்களைத் தூக்கிவிட்டு, நோயாளியின் நிலைமையை வைத்துப் பணம் தருகிறது. ஆக, இப்போது நோய்க் குறிகளும் ஜிஜி பிரிவின் எண்களும் பணமாகிவிட்டன. தவறு செய்யும் ஆசை இடம் மாறியதே தவிர ஊரை விட்டுப் போகவில்லை.

திருத்தத்தால் அந்த ஐந்து எழுத்துக் குறியீடு மாறினால் பில்லையும் மாற்றி அனுப்ப வேண்டும். அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடுதல் பணம் என்று தெரிந்துகொண்ட பிறகு 60 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். ஆறு வருடம் பின்னால் வரை கேட்கலாம். தெரிந்தே வைத்துக்கொண்டால் அது மோசடிச் சட்டத்தின் கீழ் வரும். படிவத்தில் தெரிந்தே பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கு மதிப்பீட்டுக்கு 1,000 டாலர் வரை, இன்னொருவரைப் போட வைக்கிறவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் என்று விதி எழுதியிருக்கிறது. பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகைகள் இப்போது கூடியிருக்கின்றன. கையெழுத்துப் போட்ட நர்ஸை விட, போட வைத்தவருக்கு ஐந்து மடங்கு. விதியை எழுதியவருக்கு வேலையிடம் எப்படி இயங்கும் என்று தெரிந்திருக்கிறது. அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு: மருத்துவக் கருத்து வேறுபாடு பொய் ஆகாது. ஒரே புண்ணை ஒரு நர்ஸ் இரண்டாம் நிலை என்றும் இன்னொருவர் மூன்றாம் நிலை என்றும் பார்த்தால் அது குற்றம் அல்ல, விவாதம்.

நட்சத்திரங்களுக்கு வருவோம். திருத்தம் தாமதமாக வந்தாலும் தரவுத்தளம் அதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பொதுமக்கள் பார்க்கும் எண்கள் தங்களுக்கென்று ஒரு கதவை வைத்திருக்கின்றன. மெடிகேரின் தர அறிக்கைத் திட்டத்தில் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் சுமார் நாலரை மாதம் கழித்து அந்தக் கதவு மூடும். அதற்குப் பிறகு வரும் திருத்தத்தால் வெளியிடப்படும் கணக்கு மாறாது. தகவலையே ஒழுங்காகத் தராத இல்லத்துக்கு மெடிகேர் பணத்தின் ஆண்டு உயர்வில் 2 சதவீதப் புள்ளிகள் வெட்டு.

இந்த இடத்தில் ஸ்கிசோஃப்ரீனியா என்ற தீவிர மனநோயைச் சுற்றி எழுந்த விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் ஒரு துறையையே எப்படி ஆட்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறதி நோய் உள்ள முதியவர்களை அடக்கி உட்கார வைக்க மனநோய் மருந்துகளைக் கொடுப்பது அமெரிக்க இல்லங்களில் பழைய வியாதி. 2005இலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பைக் கூட்டுகின்றன என்று தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டி மீது போட வைத்தது. 2012இல் மத்திய அரசு ஓர் இயக்கம் தொடங்கியது. எத்தனை சதவீதம் பேருக்கு இம்மருந்து தரப்படுகிறது என்பதை இல்லம் வாரியாக வெளியிட்டது, பின்னர் நட்சத்திரத்திலும் சேர்த்தது. ஆனால் சிலருக்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவை அல்லவா? அதனால் ஸ்கிசோஃப்ரீனியா, டூரெட், ஹண்டிங்டன் ஆகிய மூன்று நோய் உள்ளவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். நியாயமான விலக்கு. ஆனால் விலக்கு என்றால் அது ஒரு கதவும் கூட.

ஸ்கிசோஃப்ரீனியா பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டும் நோய். எண்பது வயதில், இல்லத்தில் வந்து சேர்ந்த பிறகு, திடீரென்று பலருக்கு அது வந்ததாகப் படிவங்கள் சொல்ல ஆரம்பித்தன. தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், படிவத்தில் மட்டும் இந்த நோய் இருந்து, மெடிகேர் பில்களில் அதற்கான சிகிச்சைத் தடயமே இல்லாதவர்களின் எண்ணிக்கை 2015க்கும் 2019க்கும் இடையில் 194 சதவீதம் கூடியிருந்தது.

2023 ஜனவரியில் மெடிகேர், மெடிகெய்ட் மைய அமைப்பு இதைத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தது. மாட்டிக்கொள்ளும் இல்லத்தின் தர அளவு நட்சத்திரம் ஒரே ஒரு நட்சத்திரமாகக் குறைக்கப்பட்டு, ஆறு மாதம் அப்படியே இருக்கும். மனநோய் மருந்து எண்ணிக்கை ஒரு வருடத்துக்கு மறைக்கப்படும். ஆனால் தணிக்கை வருகிறது என்று கடிதம் வந்த பிறகு, அது தொடங்குவதற்கு முன்பே தவறை ஒப்புக்கொண்டால் தண்டனை குறைக்கப்படலாம். தானாகத் திருத்த ஒரு ஆசை காட்டினார்கள்.

நேர்மையாக இயங்க நினைக்கும் ஒரு நர்ஸின் இடத்திலிருந்து இதைப் பார்த்தால் சிக்கல் புரியும். படிவத்தில் ஒரு நோயைக் குறிக்க வேண்டுமானால் கடந்த 60 நாளில் டாக்டர் அதை எழுதியிருக்க வேண்டும், கடந்த ஏழு நாளில் அது செயலில் இருந்திருக்க வேண்டும். டாக்டர் எழுதியிருக்கிறார், மருந்தும் போகிறது. நர்ஸ் அதைப் பார்த்துக் கட்டத்தில் குறி போடுகிறார். பிழை அவர் கையில் இல்லை, அவருக்கு மேலே இருக்கிறது. எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அறிகுறிகள் எங்கே எழுதியிருக்கின்றன என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கு நிர்வாகம் பின்னால் நிற்க வேண்டும். குறியை எடுத்தால் மருந்து சதவீதம் ஏறும், நட்சத்திரம் இறங்கும். எக்ஸ் பிரிவில் தட்டச்சுப் பிழைக்குக் கட்டம் இருக்கிறது, மென்பொருள் பிழைக்கும் கட்டம் இருக்கிறது. எல்லோருக்கும் வசதியாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. வேறு காரணம் என்ற கடைசிக் கட்டத்தில்தான் ஏதாவது எழுத வேண்டும்.

அந்தக் குறியைச் சுமக்கிற முதியவருக்கு என்ன ஆகும்? அது அவர் போகும் ஆஸ்பத்திரிக்கும் அடுத்த இல்லத்துக்கும் கூடவே போகும். தன் மருத்துவப் பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை அமெரிக்கத் தனியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். அந்த நாட்டில் அம்மாவையோ அப்பாவையோ இப்படி ஓர் இல்லத்தில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம். கடந்த 15 மாத மதிப்பீடுகளையாவது இல்லம் நடப்புக் கோப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

விழுந்த அம்மாளுக்கு மறுபடி வருகிறேன். அவருடைய எக்ஸ்ரே முடிவு திங்கட்கிழமை வந்தது, படிவத்தை நிரப்பிய நர்ஸ் அதைப் பார்த்தார், 14 நாள் கடிகாரம் ஓட ஆரம்பித்தது என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் எப்போதும் அப்படி நடக்கிறதா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிராச்சி சங்கவியும் அவரோடு இருந்தவர்களும் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2011 முதல் 2015 வரை, இல்லத்தில் விழுந்து பெரிய காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களை மெடிகேர் பில்களிலிருந்து எடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள். அவை ஒவ்வொன்றும் இல்லத்தின் படிவத்தில் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். 57.5 சதவீதம்தான் இருந்தன. ஆஸ்பத்திரி பில்லில் எலும்பு முறிவு இருக்கிறது, இல்லத்தின் படிவத்தில் பெரிய காயம் எதுவும் இல்லை.

கடிகாரம் ஓடுவது தவறு நடந்த நாளிலிருந்து அல்ல, அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து. மீதி 42.5 சதவீதப் படிவங்களில் எத்தனைக்கு அது ஓட ஆரம்பித்திருக்கும்?